கயிறு பிடிக்க ஆள் உண்டா?

மளிகைக் கடை என்பது விடியற்காலை பால் பாக்கெட்டோடு தொடங்கி, இரவு பத்தரைக்குக் கல்லாப்பெட்டியை எண்ணிக் கட்டுவதோடு முடிகிற தொழில். ஷட்டர் நாள் முழுதும் இறங்கியிருக்கும் நாட்கள் வருடத்தில் எத்தனை என்று கேட்டால் விரல் விட்டுச் சொல்லிவிடலாம். மே 5 வணிகர் தினம், பொங்கலில் ஒரு நாள், வீட்டில் நல்லது கெட்டது என்றால் ஒன்றிரண்டு நாள். கடையில் வேலை செய்கிறவருக்கு வாரத்தில் ஒரு முழு நாள் விடுமுறை தரவேண்டும் என்று 1947-ஆம் வருடத்துக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் சொல்கிறது. முதலாளிக்கு லீவு கொடு என்று சொல்ல எந்தச் சட்டமும் கிடையாது. நமக்கு நாமே கொடுத்துக்கொண்டால்தான் உண்டு.

நம் ஊர்க் கடலுக்குக்கூட ஓய்வு இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. 2017-க்கு முன்னால் இது 45 நாளாக இருந்தது. அதற்கும் முன்பு முத்துச் சலாபக் காலத்தில் கணக்கு இன்னும் கண்டிப்பு. பாரில் சிப்பி முற்றியிருக்கிறதா என்று சர்க்கார் ஆட்கள் முதலில் பார்ப்பார்கள். முற்றவில்லை என்றால் அந்த வருடம் சலாபம் இல்லை. பத்து, இருபது வருடம் சும்மா கிடந்த பார்களும் உண்டு. கடைசியாகத் தூத்துக்குடியில் 1961-ல் சலாபம் நடந்தது.

சலாபத்தைப் பற்றி நம் பக்கத்தில் வழிவழியாகச் சொல்லும் ஒரு விஷயம் இந்தக் கட்டுரைக்கு வேண்டும். முத்துக் குளிப்பவர் காலில் கல்லைக் கட்டிக்கொண்டு ஒரே மூச்சில் இறங்குவார். படகில் நிற்கிற ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருப்பார். கீழே இருப்பவர் கயிற்றை அசைத்ததும் தாமதமில்லாமல் மேலே இழுக்க வேண்டும். உயிரே அந்தக் கையில் இருக்கிறது. ஆகையால் அந்த வேலைக்கு மச்சானைத்தான் நிறுத்துவார்கள் என்பது பேச்சு. உடன்பிறந்தவளின் தாலி அந்தக் கயிற்றில் தொங்குகிறது என்று அவனுக்குத் தெரியும் அல்லவா?

இனி விஷயத்துக்கு வருவோம். கடையை விட்டு ஏழு நாள், போன் இல்லாமல், பேச்சு இல்லாமல், ஜென் தியானத்தில் உட்கார ஒரு வியாபாரியால் முடியுமா என்பதுதான் கேள்வி.

ஜென் என்றதும் ஏதோ ஜப்பான் சமாச்சாரம் என்று தள்ள வேண்டியதில்லை. நம் 'தியானம்' என்ற சொல்தான் சீனாவுக்குப் போய் 'சான்' ஆகி, ஜப்பானில் 'ஜென்' ஆயிற்று. அங்கே அதைக் கொண்டு போனவராகச் சொல்லப்படும் போதிதர்மர் தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாவது மகன் என்று பழைய சீனக் குறிப்பு ஒன்று சொல்கிறது. காஞ்சிபுரம் அவர் ஊர் என்பது வழங்கிவரும் நம்பிக்கை. 2011-ல் வந்த 'ஏழாம் அறிவு' படத்துக்குப் பிறகு அவரை நம் பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும். ஆனால் சண்டைக்காரராகவும் வைத்தியராகவும்தான் தெரியும். ஜென் பரம்பரை சொல்லும் கதையோ, அவர் ஒன்பது வருடம் ஒரு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார் என்பது. சினிமாவுக்கு அது ஒத்துவராது.

அந்தச் சுவர் இப்போது நமக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. கொடைக்கானல் மலைப்பாதையில், ஊருக்குச் சற்றுக் கீழே பெருமாள்மலையில் போதி ஜென்டோ என்ற தியான நிலையத்தை 1996-ல் அமைத்தவர் ஆமா சாமி என்ற பாதிரியார். இயேசு சபையைச் சேர்ந்தவர். 1936-ல் பர்மாவில் பிறந்த தமிழர். ரங்கூன், கொழும்பு என்று கப்பலேறிப் பிழைத்த குடும்பங்கள் நம் ஊரிலும் ஏராளம் என்பதால் இதைக் குறிப்பிடுகிறோம். இவர் ஜப்பானில் காமகுரா என்ற ஊருக்குப் போய் யமாடா கோவுன் என்ற ஜென் குருவிடம் பயின்று, 1982-ல் கற்பிக்கும் அனுமதி பெற்று வந்தார். பாதிரியார் அமைத்த இடமாயிற்றே என்று யாரும் தயங்க வேண்டாம். அங்கே மதம் மாற்றுவதும் இல்லை, மதத்தைக் கேட்பதும் இல்லை.

யமாடா கோவுனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 1907 முதல் 1989 வரை வாழ்ந்த இவர் மொட்டை அடித்த துறவி அல்ல, குடும்பஸ்தர். டோக்கியோவில் ஒரு மருத்துவ ஸ்தாபனத்தின் நிர்வாகி. பகலில் ஆபீஸ், சம்பளப் பட்டியல், வரவு செலவு. மனைவி டாக்டர். இருவருமாக வீட்டை ஒட்டியே ஒரு தியானக் கூடம் கட்டிக்கொண்டார்கள். உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் பாதிரிகளும் கன்னியாஸ்திரீகளும் அங்கே வந்து உட்கார்ந்து போனார்கள். பாங்க் உத்தியோகம் பார்த்த இவருடைய மகனும் பின்னாளில் அதே பரம்பரைக்குத் தலைவரானார்.

நம் தொழிலுக்கு இன்னும் நெருக்கமானவர் இஷிதா பைகான். 1685-ல் பிறந்தவர். விவசாயி வீட்டுப் பிள்ளை. கியோட்டோ நகரத்தில் ஒரு ஜவுளி வியாபாரியின் கடையில் நாற்பது வயது தாண்டும் வரை குமாஸ்தா. மற்ற சிப்பந்திகள் எழுவதற்கு முன்னும் அவர்கள் தூங்கிய பிறகும் படித்தார். ஜென் அறிந்த ஒரு பெரியவரிடம் பாடம் கேட்டார். 1729-ல் தம் வீட்டுத் திண்ணையிலேயே இலவசமாகப் பேச ஆரம்பித்தார். யாருடைய சிபாரிசும் வேண்டாம், யார் வேண்டுமானாலும் வரலாம் என்று அறிவிப்பு. ஜப்பானில் அந்தக் காலத்தில் போர்வீரன், விவசாயி, கைவினைஞன், அதற்கும் கீழேதான் வியாபாரி. நேர்மையாகச் சம்பாதிக்கும் லாபம் போர்வீரன் வாங்கும் சம்பளத்தைப் போன்றதுதான், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை என்று பைகான் வாதாடினார். நம் சங்கக் கூட்டங்களில் நாற்பது வருடமாக நாம் பேசிக்கொண்டிருப்பதும் இதுதானே!

தியானம் என்றால் ஜென் ஒன்றுதான் என்று சொல்ல வரவில்லை. விபாசனா பத்து நாள் வகுப்பைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதை 1969-ல் பர்மாவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்த சத்திய நாராயண கோயங்கா நம்மைப் போல வியாபாரக் குடும்பத்துக்காரர், 2013-ல் காலமானார். தீராத ஒற்றைத் தலைவலிக்கு மருந்து தேடித்தான் 1955-ல் ஊ பா கின் என்பவரிடம் போனார். தலைவலிக்காக என்றால் சேர்க்க மாட்டேன் என்று அந்தப் பெரியவர் முதலில் திருப்பி அனுப்பிவிட்டார். ஊ பா கின் யார் தெரியுமா? பர்மா சர்க்காரின் தலைமைக் கணக்கர்! தமிழ்நாட்டிலும் விபாசனா நிலையங்கள் இருக்கின்றன. கட்டணம் கிடையாது, முடித்தவர்கள் விரும்பியதைக் கொடுக்கலாம். ஆனால் போக வர என்று பன்னிரண்டு நாள் வேண்டும். ஒரு மளிகைக் கடைக்காரருக்கு ஏழுக்கும் பன்னிரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரியது.

இது நம் பழக்கத்துக்குப் புதிதும் அல்ல. கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் திருச்செந்தூர்க் கோயில் வளாகத்திலேயே தங்கி விரதம் இருப்பவர்களில் வணிகர்கள் எத்தனை பேர்! ரமலான் கடைசிப் பத்தில் பள்ளிவாசலை விட்டு வெளியே வராமல் இஃதிகாஃப் இருக்கும் வியாபாரிகள் காயல்பட்டினத்தில் இல்லையா? தவக்காலத் தியானத்துக்குப் போகும் கிறிஸ்தவ அன்பர்களும் நம்மிடையே உண்டு. வித்தியாசம் என்னவென்றால், இங்கே பாட்டில்லை, பிரசங்கம் குறைவு, பக்கத்தில் இருப்பவரிடம் ஊர்க்கதை பேசவும் முடியாது.

நாங்கள் மூவர் இங்கிருந்து போனோம். பருப்பு மொத்த வியாபாரம் செய்யும் நாம், ஒரு சில்லறை மளிகைக்காரர், ஒரு உப்பு வியாபாரி. மூவருக்கும் வயது ஐம்பதைத் தாண்டியது. எட்டயபுரம், அருப்புக்கோட்டை வழியாக மதுரை, அங்கிருந்து வத்தலக்குண்டு, பிறகு மலை. செஷின் என்று அவர்கள் சொல்லும் முழுநேர அமர்வு அது. மனத்தைத் திரட்டுவது என்று பொருள்.

நாள் முழுக்க நடப்பதைச் சொன்னால் வெகு சாதாரணமாக இருக்கும். விடியுமுன் மணி அடிக்கும். சுவரைப் பார்த்து மெத்தையில் உட்கார வேண்டும். இருபத்தைந்து நிமிடம். பிறகு மணி. எழுந்து வரிசையாக மெல்ல நடக்க வேண்டும். மறுபடியும் உட்கார வேண்டும். இடையில் சாப்பாடு, கொஞ்ச நேரம் தோட்ட வேலையோ பாத்திர வேலையோ. தனியாக ஆசிரியரைப் பார்த்துச் சந்தேகம் கேட்க வாய்ப்பு உண்டு. கால் மடக்க முடியாதவர்கள் நாற்காலியில் உட்காரலாம். நம்மைப் போல ஆயுள் முழுதும் ஸ்டூலில் உட்கார்ந்தவர்களுக்கு அதுவே உத்தமம்.

செய்ய வேண்டியது மூச்சை எண்ணுவது. ஒன்று முதல் பத்து வரை. எண்ணிக்கை தவறினால் மறுபடி ஒன்று. அவ்வளவுதான். மனக்கணக்கில் நூறு மூட்டைக்குக் கிரயம் போடுகிற நமக்கு முதல் நாள் பத்து வரை எண்ண முடியவில்லை! நான்கு வருவதற்குள் துவரம் பருப்பு விலை வந்து நிற்கிறது. ஆறு என்னும்போது ஒரு பழைய பாக்கி ஞாபகம். பாக்கிக்காரன் முகம், அவன் சொன்ன சாக்கு, நாம் சொல்லாமல் விட்ட பதில், எல்லாம் வரிசையாக. மணி அடிக்கும்போதுதான் தியானக் கூடத்தில் இருக்கிறோம் என்பதே தெரியும்.

இரண்டாம் நாள் முழங்காலும் இடுப்பும் பேச ஆரம்பித்தன. மூன்றாம் நாள் மத்தியானம் எங்கள் மளிகைக்கார நண்பர் கிளம்பிப் போய்விடலாமா என்று கண்ணாலேயே கேட்டார். பேசக்கூடாதே! கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது, போன் இல்லை. எத்தனை முறை போனது என்று எண்ணியிருந்தால் பத்தைத் தாண்டியிருக்கும். நாலாம் நாளுக்குப் பிறகு ஒரு மாற்றம். பாக்கிக்காரன் வருவான், ஆனால் உட்காராமல் போய்விடுவான். மழை ஓட்டில் விழும் சத்தம் கேட்டது. சாப்பாட்டில் உப்பு எவ்வளவு என்று நாக்குக்குத் தெரிந்தது. உப்பு வியாபாரி இதைப் பிறகு ஒரு அதிசயம் போலச் சொன்னார்.

இதனால் வியாபாரம் பெருகும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பெருகாது. ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மாத்திரையை நிறுத்தவும் கூடாது. மனநோய்க்குச் சிகிச்சை எடுப்பவர்கள், சமீபத்தில் பெரிய நஷ்டமோ மரணமோ கண்டவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இப்படிப்பட்ட நீண்ட மௌனத்துக்குள் போவது சரியல்ல. விண்ணப்பத்திலேயே உள்ளதை உள்ளபடி எழுதிவிட வேண்டும். கடன் நெருக்கியிருக்கும்போது தப்பித்துக்கொள்ளவும் இது இடமல்ல. கடன்காரர் நேரில் வருவதைவிட மௌனத்தில் வருவது மோசம்.

நேரம் எப்படி ஒதுக்குவது? நாம் கண்டவரை, நேரம் இல்லை என்பது உண்மையான தடை அல்ல. டிசம்பர் 2023 பெருமழையை நினைத்துப் பாருங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாழ்வான பகுதிகளில் கிட்டங்கிகளுக்குள் தண்ணீர் புகுந்து, பல கடைகளைப் பல நாள் திறக்கவே முடியவில்லை. நஷ்டம் நஷ்டம்தான், அதை யாரும் லேசாகச் சொல்ல முடியாது. ஆனால் நாள் போயிற்றே என்று வாடிக்கையாளர் யாரும் நம்மை விட்டுப் போகவில்லை. இயற்கை கேட்டால் கொடுக்கிறோம், ஆஸ்பத்திரி கேட்டால் கொடுக்கிறோம். நாமாகக் கேட்டால்தான் நாள் இல்லை.

எந்த வாரம் என்பதற்கு நம் தொழிலில் விடை கண்ணெதிரே இருக்கிறது. மாதச் சம்பளக்காரர்களின் மளிகைப் பட்டியல் முதல் பத்து தேதிக்குள் வந்து முடிகிறது. மாதாந்திர ஜி.எஸ்.டி. 3பி படிவம் 20-ந் தேதிக்குள். காலாண்டுக்கு ஒரு முறை தாக்கல் செய்யும் சிறு வியாபாரிகளுக்குக் காலாண்டு முடிந்த அடுத்த மாதம் 22-ந் தேதி. ஆக, 22-க்குப் பிறகு மாதக் கடைசி வரை மளிகைக் கடையில் ஈ ஓட்டுகிற நாட்கள். பொங்கல் முடிந்த ஜனவரிக் கடைசி வெகு தோது. கடலோரத் தெருக்களில் கடை வைத்திருப்பவர்களுக்கு மே மாதம் தோது. தடைக்காலத்தில் ரொக்கம் வராது, பற்றுதான் எழுதுவோம். ஜூன் கடைசியில் போகாதீர்கள், படகு கடலுக்குப் போய்ப் பாக்கி வசூலாகும் நேரம் அது. உப்புக்காரருக்கு வடகிழக்குப் பருவமழை மாதங்கள். தீபாவளி, ஆயுத பூஜை, பனிமய மாதா திருவிழா வாரங்களை யாரும் தொட மாட்டீர்கள் என்று நமக்குத் தெரியும்.

உண்மையான தடை கயிறு. நாம் கீழே இறங்கினால் மேலே யார் பிடிப்பது?

எங்கள் நண்பரின் கடையையே எடுத்துக்கொள்வோம். முப்பது வருடக் கடை. கொள்முதல் விலை அவர் தலையில். யாருக்கு எவ்வளவு பற்றுக் கொடுக்கலாம் என்பது அவர் தலையில். செக் அவர் கையெழுத்து. கிட்டங்கிச் சாவி அவர் இடுப்பில். பாங்க் ஓ.டி.பி. அவர் போனில். மகன் கல்லூரி முடித்து மூன்று வருடமாகக் கடையில் இருக்கிறான். பில் போடுவான், டெலிவரிக்குப் போவான், அதற்கு மேல் ஒன்றும் அவன் கையில் இல்லை. பையனுக்கு வியாபாரத்தில் பிடிப்பில்லை, சென்னையில் வேலை தேடுகிறான் என்று அவருக்கு வருத்தம். நாம் சொன்னோம், அண்ணாச்சி, நீங்கள் பிடிக்கக் கொடுத்தால்தானே அவனுக்குப் பிடிப்பு வரும்?

கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பே அவர் வேலையைத் தொடங்கினார். கொள்முதல் விலையையும் குறைந்தபட்ச விற்பனை விலையையும் ஒரு நோட்டில் எழுதினார். எழுதும்போது அவருக்கே சில விலைகள் தெளிவாக இல்லை, பழைய பில்லைத் தேட வேண்டியிருந்தது. பற்று வாடிக்கைக்கு ஆளுக்கு ஒரு உச்சவரம்பு போட்டார். மகன் பெயரையும் சேர்த்து பாங்கில் கையெழுத்து அதிகாரம் வாங்கினார். அதற்கே மூன்று வாரம் ஆயிற்று. ஓ.டி.பி. வரும் நம்பரைத் தனி போனுக்கு மாற்றிக் கடையிலேயே வைத்தார். இ-வே பில் போடுவதை மகனும் கணக்குப்பிள்ளையும் இரண்டு வாரம் அவர் முன்னாலேயே செய்து பழகினார்கள். வெல்லம், வெங்காயம் போன்ற கெடுகிற சரக்கைக் குறைத்தார். சீட்டுப் பணத்தை முன்கூட்டியே கட்டினார். மொத்த வியாபாரிகளான எங்களிடமும் சொல்லிவிட்டார்: ஏழு நாள் மகன் சொல்வதுதான் சொல், அவனைத் தாண்டி எனக்குப் போன் போடாதீர்கள் என்று. போட்டாலும் எடுக்க முடியாது என்பது வேறு விஷயம். நிலையத்தின் நம்பரை மட்டும் வீட்டில் கொடுத்து, உயிர் போகிற காரியம் என்றால் மட்டும் கூப்பிட வேண்டும் என்று ஏற்பாடு.

வீட்டு அம்மாளைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். பல கடைகளில் மத்தியானம் முதலாளி தூங்கும்போது கல்லாவில் உட்காருவது அவர்தான். பற்று நோட்டில் பாதி அவர் ஞாபகத்தில்தான் இருக்கிறது. நமக்கு வருடத்தில் நாலு நாளாவது ஓய்வு; அவருக்குக் கடையும் உண்டு, அடுப்பும் உண்டு. ஆண்கள் போய்விட்டு வந்தால் அடுத்த முறை அவர்களை அனுப்ப வேண்டும். பெண்களுக்கும் அங்கே இடம் உண்டு. அப்போது கயிறு பிடிக்க வேண்டியது யார் என்று சொல்லத் தேவையில்லை.

ஏழு நாள் கழித்து நண்பர் கடைக்குப் போனபோது என்ன நடந்திருந்தது? சீரகம் ஒரு மூட்டை கொஞ்சம் விலை கூட வாங்கியிருந்தான் பையன். ஒரு வாடிக்கையாளருக்கு உச்சவரம்பைத் தாண்டிப் பற்றுக் கொடுத்திருந்தான். கேட்டதற்கு, அவர்கள் வீட்டில் பிரசவம் அப்பா என்றான். ஆறு மாதமாக வராத ஒரு பாக்கியை நேரில் போய் வசூலித்தும் இருந்தான். நண்பர் போய்க் கேட்டால் அந்த மனிதர் வீட்டில் இருக்க மாட்டாராம். கல்லா கணக்கில் நாற்பது ரூபாய் உதைத்தது. சாவியை அவர் திரும்பக் கேட்கவில்லை. பையன் இன்னும் சென்னைக்குப் போகவில்லை. போக மாட்டான் என்று நாம் சொல்லவும் முடியாது.

ஏழு நாள் எடுத்த எடுப்பில் பயமாக இருந்தால், செஷின் இல்லாத நாட்களில் இரண்டு மூன்று நாள் தங்கிப் பழகிப் பார்க்கலாம். அதுவும் முடியாதென்றால், காலையில் ஷட்டரைத் தூக்குவதற்கு முன் கிட்டங்கியிலேயே இருபத்தைந்து நிமிடம் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து பத்து வரை எண்ணிப் பாருங்கள். எலிச் சத்தத்தைப் பொருட்படுத்த வேண்டாம்.

போகிறவர்கள் செஷின் தேதிகளைக் கேட்டுச் சில மாதம் முன்பே பதிவு செய்துகொள்வது நல்லது. முன்பதிவில்லாமல் போய் நிற்க வேண்டாம். கொடைக்கானலுக்குச் சொந்த வண்டியில் ஏறுகிறவர்களுக்கு 2024 மே மாதம் இ-பாஸ் முறை வந்தது. கிளம்பும் முன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் போனால் அந்தத் தொந்தரவு இல்லை, பெருமாள்மலையிலேயே இறங்கிக்கொள்ளலாம். தொளதொளப்பான துணி, முட்டிவலித் தைலம், மாத்திரை இவற்றோடு ஒரு நல்ல கம்பளியும் குல்லாவும் எடுத்துக்கொள்ள வேண்டும். உப்பளக் காற்றில் வளர்ந்த நமக்கு அந்த மலையின் விடியற்காலைக் குளிர் ஜூன் மாதத்தில்கூடத் தாங்காது.